பாதி டம்ளர் காபி

"இனிமே ஹோட்டலுக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதடி."

போன வருஷம் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஆட்டோவில் வீடு திரும்பும்போது அம்மா சொன்ன வார்த்தை இது. மடியில் ஈரப் புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தார். அதில் சாம்பார் கறை.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு வருடங்களாகக் கை நடுக்கம். "பார்கின்சன் இல்லை, பயப்படாதீங்க. கையில ஏதாவது எடுக்கும்போது மட்டும் வர்ற நடுக்கம் இது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையைச் சும்மா மடியில் வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் ஆட ஆரம்பிக்கும். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் கூடும்.

அன்று போனது புதிதாகத் திறந்த ஏ.சி. ஹோட்டல். பெயர் வேண்டாம். மேஜையில் மெனு கார்டு இல்லை. செல்போனில் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். அம்மா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, இறக்கிப் பார்த்து, "நீயே சொல்லுடி" என்று விட்டுவிட்டார். இட்லி வந்தது. சாம்பார், சின்னஞ்சிறு வழுக்கும் கிண்ணத்தில் விளிம்புவரை வந்தது. அம்மா எடுத்தார். அவ்வளவுதான்.

யாரும் திட்டவில்லை. சூப்பர்வைசர் ஒரு பையனைக் கூப்பிட்டு, "சீக்கிரம் தொடப்பா, அடுத்த பார்ட்டி வெயிட்டிங்" என்றார். பக்கத்து மேஜைக் குழந்தை திரும்பிப் பார்க்க, அதன் அம்மா அதன் முகத்தை மெதுவாகத் திருப்பினார். அந்தத் திருப்பலை அம்மா பார்த்துவிட்டார். மிச்ச இட்லியைத் தொடவே இல்லை.

இதில் என்ன பெரிய விஷயம், வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாமே என்று நினைப்பீர்கள். என் அம்மாவுக்கு ஹோட்டல் என்றால் என்ன என்று தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள்.

சூடாக ஒரு தோசை

எங்கள் வீட்டில் தோசை சுடும் நாளில் ஒரு வரிசை உண்டு. முதலில் அப்பா, பிறகு தாத்தா, பிறகு நானும் தம்பியும். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, ஓரம் பிய்ந்தது, நடுவில் கருகியது, மாவு வழித்து ஊற்றியது என இரண்டு மூன்றைத் தட்டில் போட்டுக்கொண்டு அம்மா உட்காருவார். அதற்குள் சட்னி கிண்ணத்தில் கடுகு மட்டும்தான் மிச்சம் இருக்கும். "எனக்கு ஆறினாத்தான் பிடிக்கும்" என்பார். நான் கல்யாணமாகி, என் வீட்டில் நானே கடைசியாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் அது பொய் என்று தெரிந்தது.

கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் தோசையை அம்மா சாப்பிட்டதெல்லாம் ஹோட்டலில்தான்.

அப்பாவுக்கு வங்கி வேலை, ஊர் ஊராக மாற்றல். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மதுரை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, கோபு ஐயங்கார் கடையில் வெள்ளையப்பம். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு, தொட்டுக்கொள்ள காரச் சட்னி. அம்மா புடவைத் தலைப்பால் விரலைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிடுவார். சூடு தாங்காமல் 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும். வீட்டில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் பில் வந்ததும் ஒரு வசனம் தவறாமல் வரும்: "இது வீட்ல பண்ண முடியாததா?"

முடியும்தான். யார் பண்ணுவது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அம்மாவும் சிரித்துக்கொண்டே, "அடுத்த வாரம் பண்றேன்" என்பார்.

பிறகு கோயம்புத்தூர். அங்கே அன்னபூர்ணா. 1968-ல் தாமோதரசாமி நாயுடு தொடங்கிய இந்த ஹோட்டலின் சாம்பாரைப் பற்றிக் கோவைக்காரர்களிடம் பேச்சைத் தொடங்கினால் பஸ்ஸை விட்டுவிடுவீர்கள். சிறுவாணித் தண்ணீர்தான் காரணம் என்பார் ஒருவர், பருப்பு என்பார் இன்னொருவர். அம்மா ஆறு வருடம் அந்தச் சாம்பாரை வீட்டில் செய்துபார்த்தார். கொத்தமல்லி விதையைக் கூட்டினார், தேங்காயை வறுத்தார், வெல்லம் ஒரு துளி போட்டார். ஒவ்வொரு முறையும் அப்பா, "அதே மாதிரி இருக்கு" என்பார். அம்மா, "இல்லை" என்பார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆட்டுக்கல்லில் கை வலிக்க ஆட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு வெட் கிரைண்டர் வந்தது கோவையில்தான். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஹோட்டல் சாம்பார் பிடிபடாவிட்டாலும், அந்த ஊர் அம்மாவின் தோள்பட்டைக்கு நல்லது செய்தது.

மதுராக்காரர் ஊற்றிய சாம்பார்

சென்னைக்கு வந்தது அப்பாவின் கடைசி மாற்றல். திருவல்லிக்கேணியில் ரத்னா கபே. 1948-லிருந்து இருக்கிறது. தட்டில் இரண்டு இட்லி வரும். பின்னாலேயே ஒருவர் சாம்பார் பாத்திரத்தோடு வந்து, இட்லி மூழ்கும்வரை ஊற்றிவிட்டுப் போவார். பாதி சாப்பிட்டு முடித்ததும் மறுபடியும் வந்து ஊற்றுவார். கேட்க வேண்டியதே இல்லை.

அந்தக் கடையைத் தொடங்கியவர் உத்தரப்பிரதேசத்து மதுராவிலிருந்து வந்தவர் என்று அப்பா எங்கேயோ கேட்டுவந்து சொன்னார். அம்மாவுக்குத் தாங்கவில்லை. "மதுரைக்காரி எனக்கு மதுராக்காரர் சாம்பார் ஊத்துறாரா!" என்று வாரக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்.

யோசித்தால், சென்னை 'நம்ம ருசி' என்று சொல்லிக்கொள்வதில் பாதி வெளியூரிலிருந்து வந்தவர்கள் கொடுத்தது. உட்லண்ட்ஸ் கே. கிருஷ்ண ராவ் உடுப்பியிலிருந்து வந்தவர். அவர் 1962-ல் கதீட்ரல் சாலையில் திறந்த டிரைவ்-இன் ஹோட்டல், எங்கள் குடும்பத்துக்குப் பிறந்தநாள் ஹோட்டல். காருக்கே வந்து, ஜன்னலில் தட்டை மாட்டிப் பரிமாறுவார்கள். எங்களிடம் கார் கிடையாது. ஆட்டோவில் போய் இறங்கி, உள்ளே நடந்துபோய் உட்காருவோம். மரங்கள், காக்கைகள், ஒரே காபியோடு இரண்டு மணி நேரம் பேசும் மனிதர்கள். யாரும் யாரையும் எழுப்ப மாட்டார்கள். அம்மாவுக்கு அந்த இடம் பிடித்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சாப்பிட்டு முடித்த பிறகும் உட்கார்ந்திருக்கலாம். வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் காத்திருக்கும்.

2008-ல் அதை மூடினார்கள். அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. பூங்கா திறந்த புதிதில் அம்மாவைக் கூட்டிப்போனேன். பூவெல்லாம் பார்த்தார். ஒரு மரத்தடியில் நின்று, "இங்கதான் அப்பா பூரி ஆர்டர் பண்ணிட்டு, வந்ததும் என் தோசையைப் பிய்ச்சுத் தின்னது" என்றார். அப்போது அப்பா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

பெண்கள் எங்கே உட்காருவது?

பழைய ஹோட்டல்களைப் பற்றிப் பேசும்போது எல்லாவற்றையும் பொற்காலமாக்கிவிடுகிறோம். அப்படி இல்லை. யார் உள்ளே வரலாம், யார் எங்கே உட்காரலாம் என்பதெல்லாம் சண்டை போட்டு மாறியவை. 'பிராமணாள்' என்று பெயர்ப்பலகை வைத்திருந்ததற்காக, 1957-ல் இதே திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் பெரியார் போராட்டம் நடத்தினார். தொண்டர்கள் நாள் தவறாமல் மறியல் செய்து கைதானார்கள்.

பெண்களுக்கு இருந்தது பலகை இல்லை, திரை. 'ஃபேமிலி ரூம்' என்று எழுதிய மரத் தடுப்புக்குப் பின்னால், அழுக்குத் திரையை இழுத்துவிட்டு உட்கார வேண்டும். மின்விசிறிகூட சரியாகச் சுற்றாது. கல்லூரிக் காலத்தில் தனியாக ஒரு ஹோட்டலுக்குள் போய், ஹாலில் உட்கார்ந்து காபி குடித்த என்னை மாமா ஒருவர் பார்த்துவிட்டு, அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து சொன்னார். அம்மா அவரிடம், "காபி நல்லா இருந்ததாமா?" என்று மட்டும் கேட்டார்.

அதனால், 'மறுபடியும் போகத் தோன்றும் ஹோட்டல் எது?' என்று கேட்டால் ஆண்கள் ஐட்டம் பெயர் சொல்வார்கள். பெண்களிடம் கேட்டுப்பாருங்கள். கழிவறை சுத்தமாக இருக்குமா, தாழ்ப்பாள் சரியாக விழுமா என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள். நெடுஞ்சாலையில் எந்த ஹோட்டலில் காரை நிறுத்துவது என்று முடிவு செய்வது என் வீட்டுக்காரர் இல்லை, நான். சாம்பார் எனக்கு இரண்டாம் பட்சம்.

ருசி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருமுறை நன்றாக இருந்தால் போதாது. மறுமுறையும் அதே மாதிரி இருக்க வேண்டும். எங்கள் தெருமுனை டிபன் கடையின் தோசை மாஸ்டரிடம் ஒருநாள் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். கல்லில் தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றால் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டே சொன்னார்: "சித்திரையில மாவு நாலஞ்சு மணி நேரத்துல பொங்கி வழியும்மா. மார்கழியில ராத்திரி முழுக்க வெச்சாலும் எந்திரிக்காது. உளுந்து புதுசுன்னா தண்ணி நிறையக் குடிக்கும், பழசுன்னா குடிக்காது. அரிசி லோடு மாறினா எல்லாம் மாறும். மாவு தினம் ஒரு மாதிரி இருக்கும். கஸ்டமர் வாய் மட்டும் ஒரே மாதிரி இருக்கும்."

தினமும் மாறும் மாவில் தினமும் ஒரே தோசையைச் சுடுவது லேசான வேலை இல்லை. அன்னபூர்ணா சாம்பாரை அம்மாவால் பிடிக்க முடியாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். நாலு பேருக்கு வைக்கிற சாம்பாரும் பெரிய அண்டாவில் கொதிக்கிற சாம்பாரும் வேறு வேறு.

ஏழு மாதம்

சாம்பார் கொட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, அம்மா ஏழு மாதம் எந்த ஹோட்டலுக்கும் வரவில்லை. கல்யாண வீடுகளில்கூட, "பசியில்லை" என்று பந்தியில் உட்காரவில்லை. பார்சல் வாங்கி வந்தால், "எதுக்கு வீண் செலவு?" என்றார். பார்சல் தோசையை நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள். வாழையிலைக்குள் வியர்த்து, நனைந்து, துணி மாதிரி ஆகியிருக்கும். அம்மா மறுபடியும் ஆறின தோசைக்கே திரும்பிவிட்டார்.

பங்குனியில் ஒருநாள் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது எனக்கே பசி. அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் பார்வை மங்கல். வழியில் ஒரு சின்ன ஹோட்டல். பத்து மேஜை இருக்கலாம். கல்லாவில் ஒரு பெரியவர், சுவரில் விலைப்பட்டியல். "நீ சாப்பிடு, நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்று அம்மா சம்மதித்தார்.

சர்வர் ஒரு பையன், இருபது வயது இருக்கும். அசாமிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். "இட்லி, வடை, பொங்கல், ரவா தோசை, வெங்காய ரவா..." என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அந்த ஒப்பித்தலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அம்மா தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டார். பிறகு, "ரவா தோசை முறுகலா இருக்குமா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

தோசை வந்தது. அம்மா ஒரு துண்டு பிய்த்துச் சட்னிக்குக் கொண்டுபோகும்போது கை ஆடியது. பையன் பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பார்த்தானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. காபி சொன்னோம்.

எனக்கு டபரா டம்ளரில் வழக்கம்போல் தளும்பத் தளும்ப வந்தது. அம்மாவுக்கு டம்ளரில் பாதிதான் இருந்தது. அளவு குறைக்கிறார்களோ என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. கேட்கத் திரும்பினேன். அதற்குள் அவனே, "பாட்டி, இதைக் குடிங்க. மிச்சம் அங்க சூடா இருக்கு, அப்புறம் கொண்டு வர்றேன்" என்றான்.

அம்மா இரண்டு கையாலும் பாதி டம்ளரை எடுத்துக் குடித்தார். ஒரு துளி சிந்தவில்லை. டம்ளர் கீழே வைக்கப்பட்டதும் அடுத்த பாதி வந்தது. அதுவும் சூடு.

பில்லில் ஒரு காபிதான் போட்டிருந்தார்கள். கல்லாப் பெரியவரிடம் சொன்னேன். "அவன் பாட்டிக்கும் இப்படித்தான் கை ஆடுமாம்மா. இங்க வயசானவங்க யார் வந்தாலும் அவனே அப்படிக் கொடுத்துடுறான். நான் ஒண்ணும் சொல்லித்தரல" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "டம்ளர் கழுவுற வேலைகூட மிச்சம்தான், ஒரே டம்ளர்தானே" என்று சிரித்தார்.

'வடநாட்டுப் பசங்க வந்ததிலிருந்து ஹோட்டலே போச்சு' என்று நான்கு பேர் கூடும் இடத்திலெல்லாம் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை எனக்கு மதுராக்காரரின் சாம்பார் ஞாபகம்தான்.

இப்போது வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை காலை, நாங்கள் அங்கே போகிறோம். ருசியில் அது சென்னையின் முதல் பத்து ஹோட்டல்களில் வராது. சாம்பார் சில நாள் நீர்த்திருக்கும். வடை பரவாயில்லை. ரவா தோசை உண்மையிலேயே நன்றாக இருக்கும். அம்மா போகிற வழியிலேயே என்ன சாப்பிடுவது என்று முடிவு செய்துவிடுவார். உள்ளே போனதும் பட்டியலை முழுவதும் ஒப்பிக்கவைத்துக் கேட்டுவிட்டு, ரவா தோசையே சொல்வார்.

போன மாதம் ஒரு வியாழன். அந்தப் பையனைக் காணோம். ஊருக்குப் போயிருக்கிறானாம், வர இருபது நாள் ஆகும் என்றார் பெரியவர். வேறு ஒரு புதுப் பையன் வந்தான். பட்டியல் சரியாக வரவில்லை, சுவரைக் காட்டினான். தோசை சாப்பிட்டு முடித்தோம். நான் காபி சொல்ல வாயெடுத்தேன். எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு குழந்தைகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பார்சல் வாங்கிக்கலாமாம்மா?" என்றேன் மெதுவாக.

அம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. அந்தப் பையனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்குக் கை ஆடும். காபியைப் பாதி பாதியா, ரெண்டு தடவையா கொண்டு வரணும். புரியுதா?"

அவன் தலையாட்டினான்.

"ரெண்டாவது பாதியும் சூடா இருக்கணும்" என்றார் அம்மா.